கருஞ்சீரக எண்ணெய் தடவினால் பருவும் தழும்பும் போகுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் புரியும். வயது 26. கன்னத்திலும் தாடையிலும் பரு வந்து போன இடத்தில் கருந்தழும்பு நிற்கிறது. பாத்திரம் கழுவிக் கழுவி விரலிடுக்கில் தோல் வறண்டு, வெடித்து, அரிக்கிறது. அம்மா கருஞ்சீரகத்தைத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சி வைத்திருக்கிறார். தோழியோ கடையில் விற்கும் செக்கில் ஆட்டிய கருஞ்சீரக எண்ணெயை வாங்கச் சொல்கிறார். எதைத் தடவுவது, முகம் பளிச்சென்று ஆகுமா, தினமும் ஒரு ஸ்பூன் குடிக்கவும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க ஒரே கேள்வி போல இருந்தாலும் இதில் நான்கு கேள்விகள் இருக்கின்றன, நான்குக்கும் விடை வேறு. கை அரிப்புக்கு இந்த எண்ணெய் உதவ நல்ல வாய்ப்பு இருக்கிறது. பருவுக்கு ஓரளவு. தழும்புக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை, சரியாகக் கையாளாவிட்டால் தழும்பைக் கூட்டவும் செய்யும். தோலுக்காகக் குடிக்க வேண்டிய அவசியம் இல்லை. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நான் மருந்தாக்கியல் படித்தவன், மேல்பூச்சுக் களிம்பும் தைலமும் தயாரிப்பது தொழில். உங்கள் கன்னத்தில் இருப்பது பருதானா, கையில் இருப்பது எக்ஸிமா என்ற தோல் அழற்சிதானா என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் தோல் மருத்துவர். அவை பருவும் எக்ஸிமாவும்தான் என்று வைத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன்.

முதலில் விதை. பெயரில் சீரகம் இருந்தாலும் கருஞ்சீரகத்துக்கும் நாம் ரசத்துக்குப் போடும் சீரகத்துக்கும் உறவு கிடையாது, இரண்டும் வேறு வேறு குடும்பம். இதன் தாவரப் பெயர் நைஜெல்லா சட்டைவா. வடக்கே கலோஞ்சி, அரபு நாடுகளில் ஹப்பத்துல் பரக்கா. மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் இதில் நிவாரணம் உண்டு என்ற நபிமொழியால் முஸ்லிம் வீடுகளில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. சித்த மருத்துவத்திலும் கரப்பானுக்கும் புண்ணுக்கும் இதைச் சொல்வார்கள். ஆனால் கடையில் "கருப்பு சீரகம்" என்று கேட்டால் சில இடங்களில் ஷாஜீராவைத் தருவார்கள், அது பிரியாணிக்குப் போடும் மெல்லிய, நீளமான, கோடு விழுந்த விதை. நாட்டு மருந்துக் கடையில் காட்டுச்சீரகம் என்று இன்னொன்று இருக்கிறது, அதுவும் வேறு செடி. வெங்காய விதைதான் உண்மையிலேயே ஏமாற்றும், பார்வைக்கு அப்படியே இருக்கும். கண்டுபிடிக்க வழி மூக்குதான். கருஞ்சீரகம் பளபளப்பில்லாத கருப்பு, மூன்று பட்டை, மேலே சொரசொரப்பு. பத்து விதையை உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் உள்ளே வெள்ளையாக இருக்கும், ஓமத்தையும் மிளகையும் சேர்த்து இடித்தது போல ஒரு வாசனை எழும். வெங்காய விதையை நசுக்கினால் அந்த வாசனை வராது.

விதையில் மூன்றில் ஒரு பங்குக்கு எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெயில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் குழப்பம் தீராது. பெரும்பகுதி சாதாரணக் கொழுப்பு எண்ணெய். அதில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம், கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக ஒலியிக் அமிலம், மீதி பால்மிடிக் முதலான சில. இன்னொன்று ஆவியாகும் எண்ணெய். விதையின் எடையில் அது ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். வாசனை, காரம், மருந்துக் குணம் என்று நாம் சொல்வதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதில் முக்கியமானது தைமோகுவினோன். விதை எந்த ஊரில் விளைந்தது, எத்தனை நாள் கிடந்தது, எப்படி ஆட்டினார்கள் என்பதைப் பொறுத்து அதன் அளவு பாட்டிலுக்குப் பாட்டில் பல மடங்கு மாறும். ஒருவருக்குக் கேட்டது இன்னொருவருக்குக் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது லினோலிக் அமிலத்தைப் பற்றித்தான். நம் தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவராக நினைத்தால், செங்கலுக்கு இடையில் இருக்கும் சாந்து செராமைடு என்ற கொழுப்பு. அந்தச் செராமைடில் ஒரு வகையை உடல் கட்டுவதற்கு லினோலிக் அமிலம் கட்டாயம் வேண்டும். அது குறைந்தால் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. அதனால் வறண்ட தோலில் இந்த எண்ணெய் இதமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் என்றால் கருஞ்சீரகம் தேவையே இல்லை. சமையலறையில் இருக்கும் சூரியகாந்தி எண்ணெயிலும் லினோலிக் அமிலம் நிறைய இருக்கிறது, விலையும் பல மடங்கு குறைவு. எண்ணெய் விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் பிழைப்பு.

எனவே கருஞ்சீரகத்துக்கு என்று தனிச்சிறப்பு இருந்தால் அது தைமோகுவினோனில்தான் இருக்க வேண்டும். வீக்கத்தையும் அரிப்பையும் தூண்டும் சில பொருள்களை வெள்ளையணுக்கள் உண்டாக்குவதை இது குறைக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். சில கிருமிகளையும் கட்டுப்படுத்துகிறது. இதற்கு இன்னொரு முகமும் உண்டு. குவினோன் வகைப் பொருள்கள் புரதங்களோடு சட்டென்று ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளவை. தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் உடல் அதை அந்நியப் பொருளாகப் பார்த்து ஒவ்வாமையைத் தொடங்கிவிடலாம். இந்த எண்ணெயைப் பூசியதால் வந்த ஒவ்வாமைத் தோலழற்சியை ஜெர்மனியில் 1997-லேயே மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். பிறகு பிரான்சிலிருந்து கொப்புளம் கட்டும் அளவுக்கு மோசமான நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. எண்ணிக்கையில் இவை குறைவுதான். ஆனால் "இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் வருவது பொய் என்று சொல்ல இது போதும்.

மனிதர்களிடம் சோதித்ததில் கை எக்ஸிமாவுக்குத்தான் ஓரளவு நம்பிக்கையான செய்தி இருக்கிறது. ஈரானில் 60 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கருஞ்சீரகக் களிம்பு, ஒரு குழுவுக்கு பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பு, இன்னொரு குழுவுக்கு வெறும் ஈரப்பதக் களிம்பு என்று நான்கு வாரம் பூசினார்கள். 2013-ல் வெளியான அந்த முடிவில் கருஞ்சீரகம் ஸ்டீராய்டுக்கு ஏறக்குறைய சமமாகவும் வெறும் களிம்பைவிட மேலாகவும் இருந்தது. சின்ன ஆய்வு, குறுகிய காலம், ஆனாலும் ஒழுங்காகச் செய்தது. அதே சமயம் ஜெர்மனியில் 2002-ல் வந்த ஓர் ஆய்வையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. அங்கே பிறவி ஒவ்வாமைத் தன்மையால் வரும் அரிப்பு எக்ஸிமாவுக்கு 15 சதவீதக் கருஞ்சீரகக் களிம்பைப் பூசிப் பார்த்தார்கள், எண்ணெய் கலக்காத வெறும் களிம்பைவிட எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: சோப்பும் தண்ணீரும் பட்டு வரும் கை வறட்சிக்கு முயன்று பார்க்கலாம், குழந்தையிலிருந்தே இருக்கும் எக்ஸிமாவுக்கு இதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது.

பருவுக்கு வருவோம். 2020-ல் ஈரானிலிருந்து வெளியான ஆய்வில் பரு எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது என்று பல இணையதளங்கள் எழுதுகின்றன. எழுதாமல் விடுவது, அங்கே பூசியது கடையில் கிடைக்கும் ஆட்டிய எண்ணெய் அல்ல என்பதை. கருஞ்சீரகத்தைப் பிசுபிசுப்பில்லாத தண்ணீர் ஜெல்லாக்கி இரண்டு மாதம் பூசினார்கள். பரு உள்ள முகத்தில் கொழுப்பு எண்ணெயைப் பூசுவதும் தண்ணீர் ஜெல்லைப் பூசுவதும் ஒன்றாகாது. ஆகவே அந்த ஆய்வின் பலனை அப்படியே உங்கள் பாட்டிலுக்கு மாற்றிச் சொல்ல முடியாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நெற்றியிலும் தாடை ஓரத்திலும் முதுகிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு வருவது பல சமயம் பருவே அல்ல, மலசீசியா என்ற ஈஸ்ட் முடிக்கால்களில் பெருகுவதால் வருவது. அந்த ஈஸ்ட்டுக்கு உணவே கொழுப்பு அமிலங்கள்தான். வியர்க்கும் நம் ஊர் வெயிலில் அதன் மேல் எண்ணெய் பூசுவது பசித்தவனுக்கு இலை போட்டு விருந்து வைப்பது மாதிரி. எண்ணெய் பூச ஆரம்பித்த இரண்டு மூன்று வாரத்தில் அரிப்போடு பொரிப்பொரியாக வந்தால் நிறுத்திவிடுங்கள். சிலர் இதைத்தான் "கெட்டது வெளியே வருகிறது" என்று சொல்லித் தொடர்ந்து பூசச் சொல்வார்கள். அப்படி எதுவும் வெளியே வருவதில்லை.

கருந்தழும்புதான் உங்கள் மனதில் முக்கியம் என்று நினைக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். பரு ஆறிய இடத்தில் நிற்கும் கருமை, அந்த இடத்தில் ஏற்பட்ட அழற்சி நிறமிச் செல்களைக் கிளறிவிட்டதால் வந்தது. நம் போன்ற மாநிறத் தோலில் எந்த அழற்சியும் போகும்போது ஒரு கருப்பு முத்திரை குத்திவிட்டுத்தான் போகும். கொசுக்கடிகூட அப்படித்தான். இந்தக் கருமையைக் கருஞ்சீரக எண்ணெய் குறைக்கும் என்று காட்டும், நம்பத்தக்க மனித ஆய்வு எதுவும் இல்லை. நிறம் கூடும் என்பதற்கும் இல்லை. ஆபத்து எங்கே என்றால், எண்ணெயே ஒவ்வாமையைக் கிளப்பினால் வெள்ளைத் தோல்காரர்களுக்கு அது சிவப்பாகத் தெரியும், அவர்கள் உடனே நிறுத்திவிடுவார்கள். நமக்குச் சிவப்பு கண்ணில் படாது. லேசான அரிப்பு, கொஞ்சம் சொரசொரப்பு, பிறகு கன்னம் முழுக்கச் சாம்பல் கலந்த பழுப்புக் கருமை பரவும். தழும்புக்காகப் பூசியவர், தழும்பு கூடுகிறதே என்று இன்னும் அதிகமாகப் பூசுவார். அந்தக் கருமை கலைய மாதக்கணக்கில் ஆகும். இதோடு எலுமிச்சைச் சாறு கலந்து பூசும் குறிப்பும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எலுமிச்சை வகைச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் போல வெந்து கருக்கும்.

தழும்புக்கு உண்மையிலேயே வேலை செய்பவை தினமும் காலையில் சன்ஸ்கிரீன், அசிலேயிக் அமிலம் அல்லது நியாசினமைடு உள்ள க்ரீம், மருத்துவர் சொன்னால் அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு, அதாவது வைட்டமின் ஏ வகை மருந்து. சன்ஸ்கிரீனில் தோல் நிறச் சாயம் கலந்த வகையாக இருந்தால் நல்லது, அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். மாநிறத் தோலைக் கருக்க வைப்பதில் அந்த வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. மூன்று நான்கு மாதம் பொறுமை வேண்டும்.

வெண்புள்ளிக்கு இதைப் பூசலாமா என்று இந்தப் பதிலைப் படிக்கும் யாராவது கேட்பார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2014-ல் ஈரானில் 52 பேரிடம் செய்த ஆய்வில் ஆறு மாதம் தினம் இருவேளை பூசியதில் வெண்புள்ளியின் அளவுக் குறியீடு 4.98-லிருந்து 3.75-க்கு இறங்கியது. மீன் எண்ணெய் பூசிய குழுவில் 4.62 வரைதான் இறங்கியது. குறைந்தது உண்மை, மறைந்துவிடவில்லை. வெண்புள்ளிக்கு ஒளி சிகிச்சையும் மருந்துகளும் இருக்கின்றன, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். முழங்கை போன்ற இடங்களில் செதில் செதிலாக வரும் சோரியாசிஸுக்கு எலியின் வால் தோலில் பார்த்த ஆய்வைக் காட்டி விற்கிறார்கள், எலி வாலிலிருந்து முழங்கைக்கு வெகுதூரம். படர்தாமரைக்கு எந்த எண்ணெயும் வேண்டாம், பூஞ்சைக்கான மருந்தைப் பூசுங்கள்.

அம்மா காய்ச்சியதா, கடை எண்ணெயா? இரண்டும் ஒரே பொருள் அல்ல. கடையில் விற்பது விதையையே ஆட்டிப் பிழிந்தது. வீட்டில் செய்வது தேங்காய் எண்ணெயில் விதையின் சாரத்தை ஊற வைத்தது. கணக்குப் போட்டால், 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 20 கிராம் விதை போட்டால், அதில் இருக்கும் ஆறு ஏழு கிராம் எண்ணெயில் பெரும்பகுதி இறங்கினால்கூட, கிடைப்பது 5 சதவீதத்தை ஒட்டிய கலவை. தோலில் பூச அது தோதான அளவுதான். ஆகவே அம்மாவின் தைலத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம், செய்த விதம் சரியா என்பதுதான் கேள்வி. பொதுவாக நடக்கும் தவறு, எண்ணெயைப் புகை வரக் காய்ச்சி அதில் விதையை முழுதாகப் போட்டுப் பொரிய விடுவது. முழு விதையின் தோல் கெட்டி, உள்ளிருப்பது எளிதில் இறங்காது. இறங்கும் தைமோகுவினோனும் அந்தச் சூட்டில் வாசனையோடு வீட்டுக்கூரைக்குப் போய்விடும். சமையலறை கமகமத்தால் எண்ணெயில் மணம் தங்கவில்லை என்று அர்த்தம்.

சரியாகச் செய்ய 20 கிராம் விதையை, அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் அதிகமாக, வறுக்காமல் உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக்ஸியில் என்றால் விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று போதும், சூடேறக் கூடாது. ஈரம் துளியும் இல்லாத ஸ்டீல் டம்ளரில் போட்டு 100 மில்லி தேங்காய் எண்ணெய் ஊற்றி மூடி வையுங்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிட்டு டம்ளரை அதில் இறக்கி வைத்து, தண்ணீர் ஆறும் வரை, ஒரு நாற்பது நிமிடம், அப்படியே விடுங்கள். இடையில் இரண்டு தடவை கிளறுங்கள். வேண்டுமானால் மறுநாளும் ஒருமுறை இதையே செய்து, பிறகு உலர்ந்த துணியில் வடிகட்டிப் பிழிந்து, அடர்நிறக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். நிறம் இளம் பொன்னிறமாக இருக்கும். அட்டைக் கருப்பாக இருந்தால் விதை கருகியிருக்கிறது. அடியில் பொடி தங்கினால் இன்னொரு தடவை வடிகட்டுங்கள், தங்கிய பொடிதான் முதலில் சிக்கு வாடை தரும்.

கடையில் வாங்கினால் ஒரு எளிய கணக்கு கை கொடுக்கும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்றரை முதல் நான்கு கிலோ விதை வேண்டும். உங்கள் ஊர் மளிகைக் கடையில் ஒரு கிலோ கருஞ்சீரகம் என்ன விலையோ அதை நான்கால் பெருக்குங்கள். எண்ணெயின் லிட்டர் விலை அதைவிடக் குறைவாக இருந்தால் அதில் வேறு எண்ணெய் கலக்காமல் கட்டுப்படியாகாது. ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்ப்பது, காகிதத்தில் விட்டுப் பார்ப்பது எல்லாம் இதற்கு உதவாது, ஏனென்றால் கலப்பதும் பெரும்பாலும் லினோலிக் அமிலம் நிறைந்த எண்ணெயாகவே இருக்கும், ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். நல்ல எண்ணெயை ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் முதலில் கசக்கும், சில நொடியில் தொண்டையில் சுருக்கென்று ஒரு காரம் ஏறும். பச்சைக் கலந்த பழுப்பு அல்லது கரும்பொன் நிறம் இருக்கும். வெளிப்படையான கண்ணாடிப் பாட்டிலில் வெயில் படும் அலமாரியில் இருப்பதை எடுக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் தைமோகுவினோன் இரண்டிரண்டாக ஒட்டி வேறு பொருளாகிவிடும். 50 மில்லியோ 100 மில்லியோ போதும், பெரிய பாட்டில் மலிவு என்று வாங்கினால் பாதி கெட்டுப்போகும்.

தடவுவதற்கு முன் சோதனை. இரவில் ஒரு சொட்டு கையில் விட்டுக் காலையில் பார்ப்பது போதாது. இந்த வகை ஒவ்வாமை தலைகாட்ட இரண்டு மூன்று நாள் ஆகும், முதல் தடவை என்றால் அதற்கு மேலும் ஆகும். முகத்தில் என்ன கலவையைப் பூசப்போகிறீர்களோ அதையே, முழங்கை மடிப்பின் உட்பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவு இடத்தில், தினம் இருவேளை, ஏழு நாள் பூசுங்கள். கழுவ வேண்டாம். அரிப்பு, பொரி, சொரசொரப்பு, கருமை நான்கில் எது வந்தாலும் இந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது, முடிந்தது கதை. நீர்த்துப் பூசினால் சரியாகிவிடும் என்று முயல வேண்டாம்.

கைக்கு அம்மாவின் தைலமே போதும். அதைவிட நீண்ட நேரம் ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றால் வாசலினில் கலக்கலாம்: 45 கிராம் வாசலினை ஒரு கிண்ணத்தில் எடுத்து வெந்நீரில் வைத்து இளக்குங்கள், வெளியே எடுத்து விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறி இறுகத் தொடங்கும்போது 5 கிராம் கடைக் கருஞ்சீரக எண்ணெயை ஊற்றி ஒரே திசையில் கலக்குங்கள். சூடாக இருக்கும்போதே ஊற்றினால் வாசனை பறந்துவிடும், முழுக்க இறுகிய பிறகு ஊற்றினால் எண்ணெய் தனியே மிதக்கும். ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் மருந்துக் கடையில் கிடைக்கும், அளக்க அதுதான் வசதி. கை கழுவியதும் ஒற்றித் துடைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே விரலிடுக்கில் பூசுங்கள். இரவில் கொஞ்சம் தாராளமாகப் பூசிப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள். ரத்தம் கசியும் வெடிப்பிலும் நீர் வடியும் இடத்திலும் மட்டும் பூச வேண்டாம். ஆனால் பாத்திர சோப்பு வெறும் கையில் படுவது நிற்காவிட்டால் எந்தக் களிம்பும் எடுபடாது. பருத்திக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை என்று இரட்டையாகப் போடுங்கள். ரப்பரை மட்டும் போட்டால் உள்ளே வியர்த்து இன்னும் மோசமாகும்.

முகத்துக்கு அம்மாவின் தைலம் வேண்டாம், தேங்காய் எண்ணெய் பலருக்கு முகத்தில் துளைகளை அடைத்துப் பருவைக் கூட்டும். உங்கள் வழக்கமான, பருவுக்கு ஆகும் மாய்ஸ்சரைசர் கடலைப்பருப்பு அளவு உள்ளங்கையில் எடுத்து, அதில் கடைக் கருஞ்சீரக எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டுக் குழைத்து, இரவில் பரு வரும் இடத்தில் மட்டும் பூசுங்கள். மாய்ஸ்சரைசர் டப்பாவுக்குள் எண்ணெயை ஊற்றி வைக்கக் கூடாது, க்ரீம் பிரிந்துவிடும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். கண் இமை, மூக்கோரம், உதட்டோரம் தவிர்த்துவிடுங்கள், அங்கே எரியும். அடாபலீனோ, பென்சாயில் பெராக்சைடு என்ற பரு மருந்தோ போடும் இரவில் இது வேண்டாம், எது எரித்தது என்று தெரியாமல் போகும். தலையணை உறையில் மஞ்சள் கறை விழும், பழைய உறையைப் போட்டுக்கொள்ளுங்கள். எட்டு வாரத்தில் பரு குறையவில்லை என்றால் குறையப்போவதில்லை, விட்டுவிட்டுச் சரியான மருந்துக்குப் போங்கள். நேர்மாறாக, ஏதோ ஒரு மூலிகை க்ரீம் மூன்றே நாளில் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டது போல இருந்தால் சந்தோஷப்படுவதற்குப் பதில் சந்தேகப்படுங்கள். வெளியே சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள் சந்தையில் உண்டு. நிறுத்தினதும் இரட்டிப்பாகத் திரும்பும், தோலும் மெலிந்துபோகும்.

லினோலிக் அமிலம் அதிகமுள்ள எந்த எண்ணெயும் காற்றுப் பட்டால் சீக்கிரம் சிக்கு பிடிக்கும். பாட்டிலைத் திறந்த தேதியை மேலே எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்குள் முடியுங்கள். ஓமம் போன்ற வாசனை போய்ப் பழைய வேர்க்கடலை அல்லது பெயிண்ட் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். சிக்குப் பிடித்த எண்ணெய் புதிய எண்ணெயைவிடத் தோலை அதிகம் உறுத்தும்.

குடிப்பது பற்றி. பருவுக்கோ தழும்புக்கோ குடித்தால் போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உணவில் விதையைச் சேர்ப்பது வேறு விஷயம், ஊறுகாயிலும் நான் ரொட்டியிலும் காலம் காலமாகச் சேர்க்கிறோம். தினம் ஒரு ஸ்பூன் எண்ணெய் என்பது மருந்தின் அளவு. அது ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கக்கூடியது. அதனால் அவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகள் அறவே வேண்டாம். தோலில் பூசி ஒவ்வாமை வந்தவர் அதே எண்ணெயை வாயில் ஊற்றுவது எல்லாவற்றையும்விட ஆபத்து, உடல் முழுக்கக் கொப்புளம் வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

பரு கட்டியாகி வலித்தால், ஆறும்போது குழி விழுந்தால், மாதவிடாய் ஒழுங்கில்லாமல் தாடையில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் எண்ணெய்ச் சோதனையில் நாளைக் கடத்த வேண்டாம், குழித்தழும்பை எதனாலும் முழுக்க நிரப்ப முடியாது. பூசிய இடத்தில் கொப்புளமோ, வாயிலும் கண்ணிலும் புண்ணோ, காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வெறும் அரிப்பும் கருமையும் என்றால் பூசுவதை நிறுத்திவிட்டு அந்த வாரத்துக்குள் தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது எண்ணெய்ப் பாட்டிலையும் மாய்ஸ்சரைசரையும் கையோடு எடுத்துப் போங்கள். பேட்ச் டெஸ்ட் வைக்க வேண்டியிருந்தால் அந்தப் பாட்டிலிலிருந்தே எடுத்து, தகுந்தபடி நீர்த்து முதுகில் ஒட்டிப் பார்ப்பார்கள், குற்றவாளி எண்ணெயா க்ரீமா என்று தெரிந்துவிடும்.